வெள்ளைப் பக்கம் வெளியே: சாவிக்கொத்திலும் பர்ஸிலும் மூன்று வருடமாக ஏர்டேக்

ஈரோட்டில் சின்னதாக ஒரு ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஷட்டர் பூட்டு இரண்டு, குடோன், கல்லா, வீடு, வண்டி என்று என் கொத்தில் ஒன்பது சாவிகள் தொங்கும். 2022 ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு நாள் காலையில் அந்தக் கொத்தைக் காணவில்லை. வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்க, பூட்டுக்காரரைக் கூட்டி வந்து ஷட்டரைத் திறப்பதற்குள் பதினொன்றரை மணி ஆகிவிட்டது. அந்த வாரமே ஏர்டேக் இரண்டு வாங்கினேன். பொருளோடு மாட்டிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று ஐபோனில் காட்டும், ஒலியும் எழுப்பும் ஆப்பிளின் குட்டி வட்ட வில்லை அது. ஒன்று சாவிக்கு, ஒன்று பர்ஸுக்கு. அன்றிலிருந்து இன்று வரை இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன.

வாங்கினால் போதும், வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏர்டேக்குக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் பளபளக்கும் ஸ்டீல், மறு பக்கம் வெள்ளை பிளாஸ்டிக். ஸ்டீல் மூடிக்குப் பின்னால் இருப்பது பேட்டரி. ப்ளூடூத், கிட்டத்தில் இருந்தால் போன் திரையில் அம்புக்குறியால் திசை காட்டும் அலைக்கற்றை, போனைத் தொட்டால் படிக்கும் என்எஃப்சி, இவற்றின் ஆண்டெனாக்கள் எல்லாம் வெள்ளைப் பக்கம்தான் இருக்கின்றன. ஸ்பீக்கரும் அங்கேயேதான். அதற்கென்று தனி ஓட்டை கிடையாது, அந்த வெள்ளை மூடியே அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அதன் வாயும் காதும் அந்தப் பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொத்தினால் அது பேசுவதும் மங்கிவிடும், போன் கூப்பிடுவதும் அதற்குச் சரியாக எட்டாது.

நான் முதலில் வாங்கியது தோல் உறை, பிரஸ் பட்டன் வைத்தது. ஸ்டீல் பக்கம் வெளியே தெரிந்தால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று அப்படியே போட்டேன். வெள்ளைப் பக்கம் முழுக்கத் தோலோடு ஒட்டிக்கொண்டது. நாலைந்து மாதம் கழித்துக் கடையில் சாவி காணாமல் போனபோது போனில் ஒலியை அழுத்தினேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. ஃபேனை நிறுத்தினோம், ரேடியோவை நிறுத்தினோம். கடைப் பையன் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணா, லுங்கிக் கட்டு பக்கம் கேக்குது" என்றான். இரண்டு கட்டுக்கு நடுவே, வெள்ளைப் பக்கம் தோலுக்குள்ளும் தோல் துணிக்குள்ளும் புதைந்து கிடந்தது. அன்று இரவே டேக்கைத் திருப்பிப் போட்டேன். அதே லுங்கிக் கட்டுக்கு நடுவே வைத்து ஒலியை அழுத்திப் பார்த்தேன். ஃபேன் ஓடும்போதே கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டது.

அம்புக்குறியிலும் அதே வித்தியாசம். இது ஐபோன் 11-லும் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்களிலும்தான் வரும், எஸ்இ மாடல்களில் வராது. வீட்டுத் திண்ணையில் ஒரே இடத்தில் கொத்தை வைத்து, நடந்து நடந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம் திறந்திருந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று அடி வைக்கும் தூரத்திலேயே அம்பு வந்துவிட்டது. ஸ்டீல் பக்கத்தை வெளியே வைத்து, வெள்ளைப் பக்கத்தைச் சாவிகளோடு சேர்த்து அமுக்கியபோது ஐந்து அடி வைக்கும் தூரத்துக்குள் போக வேண்டியிருந்தது. சாவியும் இரும்பு, வளையமும் இரும்பு. ரேடியோ அலைக்கு உலோகம்தான் முதல் எதிரி. அதனால் டேக்கைச் சாவிகளோடு ஒரே வளையத்தில் போடாமல், நடுவே ஒரு குட்டி வளையம் கொடுத்து இரண்டு விரல் தள்ளித் தொங்கவிட்டிருக்கிறேன். அலுமினியத்தில் கனமான கூடுகள் விற்கிறார்கள், அது எனக்கு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கோ ரப்பரோ போதும்.

ஆனால் ரப்பர் உறைக்கும் ஆயுள் உண்டு. தோலுக்கு அடுத்து சிலிக்கோன் உறை ஒன்று வாங்கினேன். ஒன்றேகால் வருடம் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்து வாய் இளகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை இருக்கிறது, உள்ளே டேக் இல்லை. போனைத் திறந்தால் பெருந்துறை ரோட்டில் பெட்ரோல் போட்ட பங்கைக் காட்டியது. திரும்பிப் போய், காற்றடிக்கும் மிஷின் ஓரமாக மண்ணில் கிடந்ததை எடுத்து வந்தேன். சாவியைத் தேட வாங்கிய டேக்கையே தேடிப் போக வேண்டியதாயிற்று. இப்போது வைத்திருப்பது இரண்டு பாதியாக ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கூடு. வெள்ளைப் பக்கம் நடுவில் பெரிய வட்டமாகத் திறந்திருக்கும், விளிம்பு மட்டும் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துவிடுவேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சரியாக மாட்டினாலும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் அவ்வளவுதான். அம்மா ஒரு தடவை பத்திரமாக இருக்கட்டும் என்று கொத்தை எடுத்து பீரோ லாக்கரில் வைத்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்தே போன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கதவைத் திறந்த நொடியில் இணைந்தது.

இனி பர்ஸ். சாவியைவிட இதில்தான் அதிகம் திண்டாடினேன். டேக் 8 மில்லிமீட்டர் தடிமன். சொல்லும்போது சின்னதாகத் தெரியும். மடிக்கிற பர்ஸில் கார்டுகளுக்குப் பின்னால் செருகினால் தோலுக்கு மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக வட்டம் எழும்பிவிடும். அப்படியே பின் பாக்கெட்டில் வைத்து வண்டியில் உட்கார்ந்ததில் என் ஏடிஎம் கார்டு டேக்கின் விளிம்பில் வளைந்து, சிப்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. பேங்கில் எழுதிக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கினேன். உட்காரும் எடை முழுவதும் டேக்கின் மேல் இறங்குவது அதற்கும் நல்லதில்லை. பின் பாக்கெட் பழக்கத்தையே விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், ப்ளூடூத் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மேலே ஆள் உட்கார்ந்திருந்தால் சிக்னல் மங்கத்தான் செய்யும்.

அடுத்து சில்லறைப் பையில் போட்டேன். நாணயங்களோடு உரசி ஸ்டீல் பக்கம் கீறல் விழுந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். நாணயங்கள் வெள்ளைப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு அடைத்ததுதான் பிரச்சனை. இப்போது சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், சில்லறைப் பை டேக்குக்கு மட்டும். பர்ஸை மடித்தால் அந்தப் பை வெளி மூலையில் வரும், கார்டு அடுக்கின் மேல் ஏறாது. வெள்ளைப் பக்கம் வெளித் தோலைப் பார்த்து இருக்கிறது, நடுவே கார்டும் இல்லை, காசும் இல்லை. டேக் உள்ளே புரண்டுவிடாமல் இருக்க ஒரு துண்டுத் துணியை மடித்து ஓரத்தில் செருகியிருக்கிறேன்.

பர்ஸ் வாங்கும்போது கார்டைத் திருட்டுத்தனமாகப் படிக்க முடியாதபடி தடுப்பு உள்ளது என்று எழுதியிருந்தால் உள்ளே உலோக இழையோ தகடோ இருக்கும். அந்தத் தடுப்புக்கு உட்பக்கம் டேக்கை வைத்தால் சிக்னல் மங்கும், போனில் ஒலியை அழுத்தினாலும் அதற்குச் சரியாக எட்டாமல் போகலாம். தடுப்பு இல்லாத பகுதி எது என்று கையால் தடவிப் பார்த்து, அங்கே வையுங்கள்.

வெள்ளைப் பக்கம் வெளியே இருக்க எனக்கு மிக முக்கியமான காரணம் வேறு. பர்ஸ் யார் கையிலாவது கிடைத்தால், அவர் என்எஃப்சி உள்ள எந்தப் போனையும், ஆண்ட்ராய்டாக இருந்தாலும், வெள்ளைப் பக்கத்தில் தொட்டால் அந்தப் போனில் ஒரு இணையப் பக்கம் திறக்கும். தொலைந்ததாக நாம் முன்பே குறித்து வைத்திருந்தால் நம் நம்பரும் அதில் வரும். போன வருடம் ஷேர் ஆட்டோவில் பர்ஸை விட்டபோது அரை மணி நேரம் கழித்துத்தான் மேப்பில் இடம் மாறியது. பக்கத்தில் யாராவது ஐபோனோடு போனால்தான் இடம் தெரியும், நம் ஊரில் அதற்குக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஆட்டோ அண்ணனுக்கு இந்தத் தொடும் வித்தை தெரியாது. ஸ்டாண்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பர்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அன்றிலிருந்து டேக் இருக்கும் பையின் மேல், "போனை இங்கே தொடவும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கீழே என் நம்பரும் இருக்கிறது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி, கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று. ஸ்டீல் மூடியை இரண்டு கட்டைவிரலால் அழுத்தி இடதுபுறம் திருகினால் திறக்கும். கூட்டல் குறி மேலே தெரியும்படி போட்டால் ஒரு சின்ன ஒலி கேட்கும், கேட்கவில்லை என்றால் சேரவில்லை என்று அர்த்தம். குழந்தைகள் விழுங்கிவிடாமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் சில இதில் வேலை செய்யாமல் போகலாம், வாங்கும்போதே அட்டையைப் படித்துவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சாவிக்கொத்தை விளையாடக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொத்தான் பேட்டரி வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தங்கை மகன் வரும் நாளெல்லாம் கொத்து ஆணியில் உயரமாகத்தான் தொங்கும்.

பர்ஸுக்கு ஏடிஎம் கார்டு வடிவில் மெல்லிய டேக்குகளும் வந்துவிட்டன. ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன், கார்டுகளோடு கார்டாக நிற்கிறது, வட்டம் எழும்பவில்லை. ஆனால் அந்த மாடலில் பேட்டரியை மாற்ற முடியாது, தீர்ந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதனால் இப்போதைக்கு என் சில்லறைப் பையும் துணித் துண்டும் அப்படியே தொடர்கின்றன.