பேராயரை யார் தேர்ந்தெடுப்பது: அக்கரையும் இக்கரையும்

இலங்கை மலையகத்தில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்தங்கள் இருப்பதால், அங்கே தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) பேராயர் தேர்தல் நடந்தால் இங்கே தோட்டத்துக் கோயில் வாசலிலும் அதே பேச்சுத்தான். சரி, அவர்கள் முறையையும் நம் இலங்கைத் திருச்சபையின் முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து உருவானது சிஎஸ்ஐ. அங்கே ஒரு பேராயரின் கீழுள்ள பகுதியான திருமண்டலத்தின் பெருமன்றம் சிலரைத் தெரிவுசெய்து அனுப்பும், அவர்களில் ஒருவரை முழுச் சபைக்கும் மேலான மன்றமாகிய சினாட் தரப்பு பேராயராக்கும். முடிவு இந்தியாவுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது, அது பெரிய பலம். 2013இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண்ணையே பேராயராக்கினார்கள்! ஆனால் பள்ளிகளும் கல்லூரிகளும் நிலமும் கையில் இருப்பதால் அணி பிரிந்து மோதி, உயர் நீதிமன்றம் வரை போய்விடுகிறார்கள். அது மனதை வருத்துகிறது.

ஆங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபைக்குக் கொழும்பு, குருநாகல் என்று இரண்டே திருமண்டலங்கள். கண்டி குருநாகலின் கீழ் வருகிறது. தெரிவு இங்கேதான் என்றாலும் மேலதிகாரம் இன்றும் இங்கிலாந்திலுள்ள கேன்டர்பரி பேராயரிடம். 1970வரை நாமும் இந்தியாவோடு ஒரே திருச்சபை மாகாணமாக இருந்தோம் என்பது இளைஞர்களுக்குத் தெரியாது.

இங்கே சண்டை குறைவு என்பதற்காக நம் முறையே மேல் என்று நான் சொல்லமாட்டேன். 1854இல் தோட்டத் தமிழருக்கென்றே மிஷன் தொடங்கிய சபை இது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் மக்களின் குரல் பெருமன்றத்தில் எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், கேன்டர்பரி விஷயம் அப்புறம்.