விலை ஒட்டாத மேசைகள்: திருச்சி நாணயக் கண்காட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு லூப்பும் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) சின்ன டிஜிட்டல் தராசும் பையில் இல்லாமல் போகாதீர்கள். போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் நடந்த கண்காட்சியைப் பற்றித்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை திறப்பு விழா, பொன்னாடை, மைக் என்று பாதி நாள் ஓடிவிடும், அதனால் நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வாசலில் யாருக்கோ கட்டிய வாழைமரம் வாடிப்போய் நின்றது, உள்ளே மணமேடைக்குக் கீழே ஒருவர் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய்களைக் குவித்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காட்சிப் பகுதியை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். கண்ணாடிச் சட்டத்தில் நோட்டுகளை அடுக்கி மேலே டியூப் லைட் போட்டிருக்கிறார்கள், நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நம் முகம்தான் தெரிகிறது. விளக்கச் சீட்டுகள் எறும்பு எழுத்தில். ஒன்றே ஒன்று மட்டும் பிடித்தது: யாரோ ஒருவர் வெறும் ஒரு நயா பைசாவை மட்டும் வருடம் வருடமாக, அடித்த நாணயச் சாலை வாரியாகச் சேர்த்து வைத்திருந்தார். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசமக் கணக்கு வந்தபோது பழைய பைசாவோடு குழம்பக் கூடாது என்று வைத்த பெயர் அது, 1964-ல் 'நயா' கழன்றுவிட்டது, அந்த ஏழு வருடக் கதை ஒரு முழ அகலச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த மாதிரி பத்து சட்டம் இருந்தால் போதும், மீதியைத் தூக்கிவிடலாம்.

விற்பனை மேசைகள் நாற்பதுக்குக் குறையாது. என்னுடைய பெரிய குறை இங்கேதான். எந்த மேசையிலும் விலை ஒட்டுவதில்லை. கேட்டால் முதலில் நம் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் தோளில் தொங்கும் பையை, அப்புறம்தான் விலை வருகிறது. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயை மூன்று இடத்தில் கேட்டேன். முதல் மேசையில் முப்பது, அடுத்த வரிசையில் எண்பது, கடைசி மூலையில் நூற்றைம்பது. "கையெழுத்து தமிழ்ல இருக்கு பாருங்க சார், அதான்" என்றார் அந்த மூலைக்காரர். மூன்று காசிலும் அதே கையெழுத்துதான் இருந்தது ஐயா! பேரம் பேசுவது தப்பில்லை, காய்கறிக் கடையிலும் பேசுகிறோம், ஆனால் காய்கறிக் கடையில் பலகையில் ஒரு விலையாவது எழுதியிருக்கும்.

எங்களைப் போன்ற சேகரிப்பவர்கள் மொய்ப்பது பத்து ரூபாய் டப்பாவைத்தான். எது எடுத்தாலும் பத்து. குனிந்து அரை மணி நேரம் கிளறினால் கை கறுத்து, இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஆனால் இந்தக் கண்காட்சியின் உண்மையான சுகம் அதில்தான் இருக்கிறது. எனக்கு 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு அடித்த வள்ளுவர் இரண்டு ரூபாய் ஒன்று, தாமரை போட்ட இருபது பைசா நான்கு கிடைத்தன. அந்தத் தாமரைக் காசில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் பாட்டி சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது, தங்கமெல்லாம் இல்லை, செம்புக் கலவைதான். பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வருடத்துக்குக் கீழே உள்ள, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். "வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லேன்னா கல்கத்தா அங்கிள்" என்று எனக்கே பாடம் எடுத்தான். அவனுக்கு ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டேன்.

இனி தராசு விஷயம். ஒரு மேசையில் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், வருடம் 1939. இது அபூர்வம் என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், அடுத்த வருடத்திலிருந்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது. விற்பவர் சொன்ன விலையை இங்கே எழுத மாட்டேன், இரண்டு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் வைத்தேன், 11.6 கிராம் காட்டியது, இருக்க வேண்டிய எடை 11.66, புழங்கித் தேய்ந்தது போக அது சரியான கணக்குதான். காந்தம் ஒட்டவில்லை. எனக்கே நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. அப்புறம் லூப்பை வைத்துக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால், முதல் மூன்று இலக்கங்களைச் சுற்றியும் பழைய வெள்ளிக்குரிய மங்கல், கடைசி 9-ஐச் சுற்றி மட்டும் ஊசியால் சுரண்டியது போல மெல்லிய கோடுகள், அதன் கீழ்ப்பாதியில் ஒரு ஓரம் வெட்டி எடுத்த மாதிரி மொட்டையாக நின்றது. 1938-ன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். காசு அசல், வெள்ளி அசல், அதனால்தான் எடை பொருந்தியது, வருடம் மட்டும் பொய். திருப்பிக் கொடுத்தேன். "வேணாமா சார்?" என்றார், குரலில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. ஏற்பாட்டாளர் மேசையில் போய்ச் சொன்னேன், "கேட்டு வைக்கிறோம்" என்றார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்தக் காசு அதே இடத்தில்தான் இருந்தது. இதற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பதித்த 'கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா'க்கள் தாராளமாகக் கிடந்தன. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைக்கிறவர்கள் வைக்கட்டும், ஆனால் அதைச் சோழர் காசுக்குப் பக்கத்தில் வைத்து விற்பது அநியாயம். சோழர் காசும் சொல்லும்படி இல்லை. ராஜராஜன் செப்புக் காசு, ஒரு பக்கம் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நாகரியில் பெயர், காலத்தால் செம்பின்மேல் படிந்த நல்ல பச்சைப் படிவத்தோடு கிடைத்தால் கையில் வைத்துக்கொண்டே இருக்கலாம். இங்கே முக்கால்வாசியைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். ஆயிரம் வருடப் படிவத்தைப் பத்து நிமிடத்தில் கழுவிவிட்டு 'பளபளன்னு இருக்கு பாருங்க' என்று வேறு சொல்கிறார்கள்.

கரூர் அமராவதி ஆற்றுக் காசு என்று ஒருவர் சேரர் காசுகளைத் தனியாக, துணி போட்டு மூடி வைத்திருந்தார். எங்கே, எப்போது கிடைத்தது என்று கேட்டேன், பேச்சை மாற்றினார். 1878-ம் வருடப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும். நான் துணியை மூடிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நடு வரிசையில் ஒரு வயதான பாய். விலை ஒட்டவில்லைதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை சொன்னார், நான் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று கேட்டேன். 1808-ம் வருட 'இருபது காசு' நாணயம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். பர்மிங்காம் பக்கம் சோஹோ ஆலையில் அடித்து மதராசுக்கு அனுப்பிய காசு, ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது, 1980-களில்தான் அள்ளி எடுத்தார்கள். உப்பு அரித்து விளிம்பெல்லாம் சொரசொரவென்று, சாணி உலர்ந்த நிறத்தில், ஆனால் சிங்கங்கள் இரண்டும் சுத்தமாகத் தெரிந்தன, புழங்காத காசு இல்லையா. "நம்ம ஊருக்குக் கிளம்பி ஊர் வந்து சேராத காசு தம்பி" என்றார் பாய். நம் 'காசு'தான் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய் ஆங்கிலக்காரன் அந்தச் செம்பின்மேல் பொறித்த 'கேஷ்' ஆனது என்று நினைத்தபடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்து இருநூறு சொன்னார். அவரிடமே பிரெஞ்சுத் துட்டு ஒன்று, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தேய்ந்த தமிழ் எழுத்தில் புதுச்சேரி, அதை முந்நூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டேன்.

அந்த மேசையில்தான் ஒரு அம்மா வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு லால்குடியிலிருந்து வந்திருந்தார். பத்து லட்சம் தருவதாக போனில் பார்த்தாராம், முன்பணம் கட்டச் சொன்னார்களாம். ரிசர்வ் வங்கியே 2021-ல் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்த விஷயம் இது. பாய் சிரிக்கவில்லை. "பணம் கட்டிடாதீங்கம்மா, இது நிறைய அடிச்ச காசு, வீட்டுலயே சாமிகிட்ட வைங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் இதை வாசலிலேயே ஒரு பேனரில் எழுதி வைத்திருக்கலாம், அந்த அம்மாவுக்குப் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

மற்றபடி பார்க்கிங் வசதி உண்டு, கழிப்பறை சுமார், கேண்டீன் தக்காளிச் சாதம் ஐம்பது ரூபாய், பரவாயில்லை. காசு வைக்கும் அட்டை ஹோல்டர்கள் வெளியில் வாங்குவதைவிட மலிவு, இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

கடைசி நாள் சாயங்காலம் விலை இறங்கும் என்பார்கள். அந்தக் கப்பல் காசுக்காக ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மறுபடி போனேன். காலையிலேயே யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். பாய் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் அதே 1808 ஒன்று இருந்தது, சிங்கம் கொஞ்சம் மழுங்கல். விலை கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், இரண்டாயிரத்து ஐநூறு என்றார்.