ஃபைட்டர் மீனுக்கு எந்தத் தண்ணீர்: மெட்ரோவா, போரா, கேனா?

சென்னை கொளத்தூரில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, எங்கள் வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருந்தது. சமையலறைக் குழாயில் மெட்ரோ வாட்டர், குளியலறையில் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், மூலையில் 20 லிட்டர் கேன். சோறு வடிக்க எது, துணி துவைக்க எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். மீனுக்கு எது என்று மட்டும் யோசித்ததே இல்லை. நாம் குடிப்பதையே கொடுப்போமே என்று கேன் தண்ணீரை ஊற்றி, கவரை வெட்டி மீனை அப்படியே உள்ளே விட்டேன். அன்று சாயங்காலமே அது செவுளை வேகமாக அடித்துக்கொண்டு தரையில் கிடந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "எந்தத் தண்ணில விட்டீங்க?" என்றார். சொன்னேன். "இது போர் தண்ணில வளந்த மீனு சார்" என்றார், அவ்வளவுதான். மேற்கொண்டு விளக்கம் எதுவும் வரவில்லை. மீதியை நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன்.

கிண்ணமா தொட்டியா என்ற பழைய சண்டையை முதலில் முடித்துவிடலாம். தொட்டிதான். ஃபைட்டருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற தனி உறுப்பு இருக்கிறது, அதனால் கடையில் பிளாஸ்டிக் டம்ளரில்கூட உயிரோடு நிற்கும். ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சின்னக் கிண்ணத்தில் ஓரிரு நாளிலேயே ஏறிவிடும். ஒரு கேன் தண்ணீர் பிடிக்கிற தொட்டி, அதாவது 20 லிட்டர், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி. துள்ளி வெளியே விழுகிற மீன் இது, மூடி கட்டாயம் வேண்டும். இதன் சொந்த ஊரான தாய்லாந்தும் வெக்கை பூமிதான், அதனால் சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இனி தண்ணீர். ஒப்பிடுவதற்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வேண்டும். பேனா மாதிரி இருக்கும், விலையும் அதிகமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது.

கேனை முதலில் எடுத்துக்கொள்கிறேன், என் பழைய கணக்கு அதோடுதான். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் மீட்டரில் பெரும்பாலும் 100க்குக் கீழேதான் காட்டும். குளோரின் தொல்லை கிடையாது, பார்க்கவும் பளிங்கு மாதிரி இருக்கும். சிக்கல் இரண்டு. நன்னீர் மீனின் உடம்புக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் சதா உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றியபடியே வாழும். மீட்டரில் 800, 900 காட்டுகிற போர் தண்ணீரில் பழகிய மீனை ஒரே நொடியில் 50க்கு மாற்றினால் அந்த வேலை தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். நான் செய்தது அதைத்தான். இரண்டாவது சிக்கல் மெதுவாக வரும். அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த வேலையில் தண்ணீரின் காரத்தை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் சக்தியை, செலவழிக்கின்றன. ஆர்.ஓ. தண்ணீரில் காரம் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். அது தீர்ந்ததும் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) சரிந்துவிடும், பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும். தனி ஆர்.ஓ. தண்ணீர் புதியவருக்கு வேண்டாம்.

மெட்ரோ வாட்டர் கிடைக்கிற வீடு கொடுத்துவைத்த வீடு. ஏரித் தண்ணீராக இருந்தால் உப்பு நடுத்தரம், பி.எச். 7ஐ ஒட்டி, இந்த மீனுக்குத் தோதாக இருக்கும். ஆனால் மெட்ரோ என்பது ஒரே தண்ணீர் இல்லை. செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகள், கிருஷ்ணா நதி நீர், போதாக்குறைக்கு 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர் ஆலைகள். எந்தப் பகுதி, எந்த மாதம் என்பதைப் பொறுத்து ருசியே மாறும். மீட்டரும் மாறும். எங்கிருந்து வந்தாலும் குளோரின் இருக்கும், அது செவுளைப் பொசுக்கும். வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று சின்ன பாட்டிலில் விற்பார்கள், அந்தச் சொட்டு மருந்து உடனே வேலை செய்யும். வாளி மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டையிட்டு, சோதனைக்கு வரும் மாநகராட்சி ஊழியரிடம் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெட்ரோ, லாரி, போர் மூன்றும் ஒரே சம்ப்பில் சேர்ந்து மேலே ஏறுகிற கட்டிடங்கள் நிறைய. குழாயில் வருவது எது என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். பிளீச்சிங் பவுடர் போட்டு சம்ப் கழுவிய வாரம் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். தண்ணீர் மாற்றுகிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரை எல்லோரும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். வாளியில் வெள்ளைப் படிவு, தலைமுடி கொட்டுகிறது என்ற புகார், சில இடங்களில் துரு நிறம். ஆனால் ஃபைட்டர் கொஞ்சம் கடினத் தண்ணீரைத் தாங்கும், நிலையாக இருந்தால் போதும். குஞ்சு பொரிக்க வைக்க வேண்டுமென்றால்தான் மென்னீர் தேடி அலைய வேண்டும். குளோரினும் இருக்காது. என்றாலும் இதில் ஒரு பொறி உண்டு. போர் தண்ணீரின் பி.எச். பல இடங்களில் 8ஐத் தொடும். அதே அளவு அம்மோனியா பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல் சுமார் பத்து மடங்கு விஷம். வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். எனவே போர் தண்ணீர்க்காரர்கள் மிச்ச உணவை அள்ளாமல் விடுவது, வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது இரண்டையும் மறந்துவிட வேண்டும். துரு வாடை இருந்தால் ஒரு நாள் காற்றடித்து, அடியில் படிவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

சாஃப்டனர் போட்ட கட்டிடமா? சோப்பு நுரைக்கும், ஆனால் உப்பு குறையாது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிற இயந்திரம் அது. மீட்டரில் வைத்துப் பாருங்கள், எண் அப்படியேதான் நிற்கும்.

லாரித் தண்ணீர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்று ஒரு கிணறு, நாளை இன்னொன்று. தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2019 கோடை மாதிரி வேறு வழியே இல்லாத நேரத்தில், வந்தவுடன் அளந்துவிட்டு, தினம் ஒரு மக் வீதம் மாற்றினால் மீன் தப்பிக்கும்.

மழைத் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் இலவச ஆர்.ஓ. மாதிரி. முதல் இரண்டு மழையில் மாடி கழுவப்பட்டுவிடும், அதைப் போகவிட்டுப் பிறகு பிடியுங்கள். தனியாக ஊற்றினால் கேன் தண்ணீருக்குள்ள அதே குறைகள்தான். கலப்பதற்கு அருமை.

கடைசியில் நான் வந்து நின்றதும் கலப்புத் தண்ணீரில்தான். எங்கள் போர் 900 காட்டுகிறது. ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 330 சுற்றி வருகிறது, போரின் காரமும் கொஞ்சம் மிஞ்சுகிறது. மெட்ரோ வாட்டர் தவறாமல் வருகிற வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை, வாளியில் ஊறவைத்தாலே போதும். போர் 500, 600க்குள் இருந்தாலும் அப்படியே விடலாம், கலப்பது வீண் வேலை. ஆயிரத்தைத் தாண்டினால் மட்டும் கலக்காமல் ஆரம்பிக்காதீர்கள். எதைத் தேர்ந்தாலும் வருஷம் முழுக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பங்குனியில் நின்றுபோகிற நல்ல தண்ணீரைவிட ஆடியிலும் வருகிற சுமாரான தண்ணீர் இந்த மீனுக்கு மேல்.

இரண்டாவது மீனை வாங்கும்போது கடைத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கேட்டு வாங்கினேன். மீட்டர் 870 காட்டியது. கவரை முதலில் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி என்று ஒன்றரை மணி நேரம் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றினேன். எங்கள் தெருவில் உதிர்ந்து கிடந்த பாதாம் மரத்துச் சருகு ஒன்றைக் கழுவிப் போட்டதில் தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வந்திருக்கிறது. அம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. மீன் சருகுக்கு அடியில்தான் தூங்குகிறது.