மெல்லிய கைபேசியா, வழக்கமான கைபேசியா?

சாம்சங் நிறுவனம் 2025இல் வெளியிட்ட கேலக்சி எஸ்25 எட்ஜ், எஸ்25 பிளஸ் ஆகிய இரண்டுக்கும் திரை அளவு 6.7 அங்குலம்தான், சிப்பும் ஒன்றே. ஆகவே மெலிவுக்காக எதை இழக்கிறோம் என்பதை அறிய இவற்றைவிடத் தெளிவான இணை கிடைப்பது அரிது.

எட்ஜின் தடிமன் 5.8 மில்லிமீட்டர், எடை 163 கிராம். பிளஸின் தடிமன் 7.3 மில்லிமீட்டர், எடை 190 கிராம். படுத்தபடி நெடுநேரம் படிப்பவர்களின் மணிக்கட்டு இந்த 27 கிராம் வேறுபாட்டை நிச்சயமாக உணரும்.

ஆனால் மெலிந்த உடலுக்குள் பெரிய பேட்டரிக்கு இடமில்லை. பிளஸில் 4,900 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு இருக்க, எட்ஜில் 3,900 மட்டுமே இருப்பதால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை முதல் நாளிலேயே விட்டுக்கொடுக்கிறோம். பேட்டரி ஆண்டுதோறும் தேய்வது இயல்பு என்பதால், இந்தக் குறை மூன்றாம் ஆண்டில் இன்னும் கூர்மையாகத் தெரியும். சார்ஜ் ஏறும் வேகமும் 45 வாட்டுக்குப் பதிலாக 25 வாட்தான்.

கேமராவில் எட்ஜின் 200 மெகாபிக்சல் முதன்மை லென்ஸ் வலுவானது. எனினும் பிளஸில் உள்ள, தொலைவில் இருப்பதை மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் இதில் இல்லை. மேடையில் ஆடும் குழந்தையைத் தொலைவிலிருந்து படமெடுப்பவருக்கு அது பெரிய இழப்பு.

வெளியில் நாள் முழுவதும் வரைபடமும் அழைப்புமாக இருப்பவருக்குப் பிளஸையே பரிந்துரைப்பேன். மேசையருகே சார்ஜர் வைத்திருப்பவர் எட்ஜைத் தயங்காமல் எடுக்கலாம், கடையில் இரண்டையும் சில நிமிடங்கள் கையில் பிடித்துப் பார்த்த பிறகு.