நாயின் புரோஸ்டேட் புற்று: மரபணுச் சோதனைக்குச் சிறுநீரா, குழாயா, ஊசியா?

தோட்டத்துச் சாளையில் வளரும் வயதான ஆண் நாய் மலம் கழிக்க முக்கிக்கொண்டு நின்றால், மலச்சிக்கல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி மலக்குடலை அழுத்தினாலும் இப்படித்தான் ஆகும். காயடிக்காத நாய் என்றால் அது பெரும்பாலும் வயதினால் வரும் சாதாரண வீக்கம். காயடித்தால் சில வாரங்களில் சுருங்கிவிடும். சிறுவயதிலேயே காயடித்த நாய்க்குச் சுரப்பி பெருத்திருந்தால் முதலில் புற்றைத்தான் சந்தேகிக்கவேண்டும். காயடிப்பது இந்தப் புற்றைத் தடுப்பதில்லை.

சந்தேகத்தை உறுதிசெய்ய வயிற்றைத் திறக்கவேண்டிய அவசியம் இப்போது குறைந்திருக்கிறது. நாய்களின் பிராஃப் (BRAF) மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இந்தப் புற்றில் அடிக்கடி காணப்படுவதை 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் புரோஸ்டேட் புற்று மாதிரிகளில் சுமார் 80 விழுக்காட்டில் அது இருந்தது. மனிதரின் மெலனோமா என்னும் தோல் புற்றில் பேசப்படும் அதே மாற்றம்தான். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில், மனிதரில் 600ஆம் இடம், நாயில் 595ஆம் இடம். இனி கேள்வி, சோதனைக்கு வேண்டிய புற்றுச் செல்களை எந்த வழியில் எடுப்பது என்பதே.

என் முதல் தேர்வு சிறுநீர். மயக்க மருந்து வேண்டாம், நாயை எங்கும் தூக்கிப்போகவும் வேண்டாம். ஆனால் பிடிப்பது பொறுமை கேட்கும் வேலை. ஆண் நாய் தென்னைமரத்துக்கு மரம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். கிண்ணத்தோடு கிட்டே போனால் காலை இறக்கிவிடும். நீளக் குச்சியில் சுத்தமான கரண்டியைக் கட்டி, பக்கவாட்டிலிருந்து நீட்டினால் கிடைக்கும். மண்ணில் சிந்தியதை எடுக்கக்கூடாது. சித்திரை வெயிலில் செல்கள் சீக்கிரம் சிதையும் என்பதால், பாதுகாப்புத் திரவம் உள்ள குப்பியை ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீரில் புற்றுச் செல்கள் மிகக் குறைவாகவும், நல்ல செல்கள் ஏராளமாகவும் இருக்கும். அதனால், மிகக் குறைவாக உள்ள டிஎன்ஏ மாற்றத்தையும் கண்டுபிடிக்கும் டிஜிட்டல் பிசிஆர் போன்ற நுட்பமான முறை வேண்டும். சாதாரண டிஎன்ஏ வரிசைப்படுத்தல் தவறவிடலாம். மாற்றம் தெரிந்தாலும் அது சிறுநீர்ப்பையின் புற்றா, புரோஸ்டேட்டின் புற்றா என்று சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். மாற்றம் தெரியவில்லை என்பதற்காகப் புற்று இல்லை என்று நிம்மதியடையவும் முடியாது.

அந்த நிலையில், ஊசிக்கு முன்னால் நான் குழாயைச் சொல்வேன். சிறுநீர்த் தாரை வழியே மெல்லிய குழாயைப் புரோஸ்டேட் வரை செலுத்தி, அதன் பக்கத் துளை கட்டியில் படும்படி வைத்துச் சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். அல்லது சிறிது உப்புநீர் செலுத்தி, மலக்குடல் வழியாக விரலால் சுரப்பியை அழுத்திவிட்டுத் திரும்ப உறிஞ்சுவார்கள். மயக்க மருந்து தேவைப்படும். செல்கள் சிறுநீரில் இருப்பதைவிட அடர்த்தியாகக் கிடைக்கும். கட்டி தாரையை எட்டாமல் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் மட்டும் இது கைகொடுக்காமல் போகலாம்.

மெல்லிய ஊசியைச் சுரப்பியில் குத்திச் செல்களை உறிஞ்சுவது அடுத்த வழி. "ஊசி குத்தினால் கட்டி பரவிவிடாதுங்களா டாக்டர்?" என்று கேட்பவரைப் பயந்தவர் என்று ஒதுக்கிவிடக்கூடாது. இந்த வகைப் புற்றுச் செல்கள் ஊசி போன பாதையில் ஒட்டி வளர்ந்தது அரிதாகவேனும் பதிவாகியிருக்கிறது. சீழ்க்கட்டியாக இருந்தால் வயிற்றுக்குள் கசியும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் ஊசிக்கு ஒரு பெரிய பலன் இருக்கிறது. கண்ணாடிச் சில்லில் தடவிய செல்களை நோயியல் நிபுணர் பார்த்த பிறகு, சாயமேற்றிய அதே சில்லிலிருந்து டிஎன்ஏவையும் பிரித்தெடுக்கலாம். ஒரே குத்தில் இரண்டு விடை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, கோவையில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுபோவதாக இருந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவை மட்டும் நம்பி முடிவெடுக்க நான் சொல்லமாட்டேன். எடுப்பது எளிதுதான். ஆனால் கட்டியின் டிஎன்ஏ அதில் எவ்வளவு இருக்கும் என்பது நாய்க்கு நாய் மாறும். இதற்கென்று உள்ள தனி ரத்தக் குப்பி இல்லையென்றால், சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, பிரித்துவிடவும் வேண்டும்.

தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மாற்றத்தை அல்லாமல் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும், அதன் விடையால் சிகிச்சை மாறும் என்றால் மட்டுமே அந்த வலியை நாய்க்குக் கொடுக்கலாம்.