கொட்டாஞ்சேனை இடியப்பக் கடையும் கிழமைக் கடனும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் பெயர்ப் பலகை இல்லாத இடியப்பக் கடை ஒன்று இருக்கிறது. கடை என்றால் வீட்டின் முன் அறைதான். ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவரோரம் நாலு பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரு வாங்கு. மாலை ஐந்தரைக்குத் திறந்தால் எட்டரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒன்றரை வருடமாகக் கிழமைக்கு இரண்டு தரமாவது அங்கே சாப்பிடுகிறேன்.

முதலில் சாப்பாடு. சிவப்பரிசி மா இடியப்பம், நூல் மெல்லிசு, ஒன்றோடொன்று ஒட்டாது, ஆறின பிறகும் விறைக்காது. சொதிதான் இந்தக் கடையின் உயிர். வெந்தயம் அளவாக, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் தேசிக்காய் பிழிவார் கடைக்கார அக்கா, அதனால் கசப்பதே இல்லை. சம்பல் அம்மியில் அரைப்பது. செத்தல் மிளகாயின் காரம் நாக்கில் நின்று மெதுவாகத்தான் இறங்கும். மாசி போட்டது, போடாதது இரண்டும் உண்டு. வெள்ளிக்கிழமை சூடை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். பருப்பு மட்டும் சில நாள் உப்புக் குறைவு, சொன்னால் கோபிக்கமாட்டார். 10 இடியப்பம், பருப்பு, சம்பல், சொதி எல்லாம் சேர்த்து 250 ரூபா. இந்தப் பக்கத்தில் இந்த விலைக்கு இந்தச் சுத்தத்தோடு வேறு எங்கும் நான் சாப்பிட்டதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது சொதியைப் பற்றி மட்டும் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் பார்சலுக்காக வாங்கில் காத்திருந்தேன். தோளில் பையோடு ஒரு பையன் ஒழுங்கைக்குள் வந்தான். எதிர்வீட்டுக் கதவு சாத்தப்பட்டது, அதற்கடுத்த வீட்டில் டீவி சத்தம் நின்றது, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, "அம்மா வீட்டில இல்ல" என்றாள். அக்கா தட்டை அடுக்கியபடியே, "லோன் காரன் தம்பி. 3 வருசம் முந்தி என்ர பிள்ளையும் இப்பிடித்தான் சொல்லும்" என்றார்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவரே எழுதச் சொன்னார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கணவர் துறைமுகப் பக்கம் நாள் கூலி. மகளின் படிப்புக்கென்று வறிய வீடுகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 40,000 ரூபா எடுத்தார். கிழமைக்கு 1,000 வீதம் 52 கிழமை, மொத்தம் 52,000. பார்த்தால் வட்டி 30 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், முழு 40,000-மும் உங்கள் கையில் ஒரு வருடம் இருப்பதே இல்லை, அதையும் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 50 சதவீதத்தைத் தாண்டும். இதை அக்காவின் சீ.ஆர். கொப்பியில் நான் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 5 பெண்கள் ஒரு குரூப், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அதனால் கடன் கொடுத்தவனை விடப் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டி வரும். அதைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது.

கிளிநொச்சியில் இருக்கும் அவரின் தங்கச்சிக்கும் இதே கதை, ஆனால் அவருக்குத் தள்ளுபடி கிடைத்தது. 2018-இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது, வட்டிக்கும் 35 சதவீத உச்சவரம்பு போட்டது. கொழும்பு அந்தப் பட்டியலில் இல்லை. தங்கச்சி அன்றைக்குக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாராம். இரண்டு வருடத்தில் கொரோனா, ஊரில் வேலை இல்லை, திரும்பவும் கடன். இப்போது இரண்டு கம்பனிக்குக் கட்டுகிறார். கடன் போனது, ஆனால் கடன் வாங்க வைத்த காரணம் எதுவும் போகவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீரும் வரவில்லை, விளைந்ததற்கு விலையும் வரவில்லை.

நாடுகளுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்று நினைக்கிறேன். 1996-இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கடன் சுமை மிகுந்த வறிய நாடுகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கின, 30-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் நிவாரணம் பெற்றன, பெரும்பாலானவை ஆபிரிக்காவில். பலன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உகண்டா 1997-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தபோது 30 லட்சம் அளவில் இருந்த மாணவர் தொகை ஒரே வருடத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பிள்ளைகளுக்கும் வகுப்பறையும் ஆசிரியரும் வேண்டும் என்ற நேரத்தில், 1998-இல் கிடைத்த கடன் நிவாரணம் கைகொடுத்தது. சாம்பியாவுக்கு 2005-இல் கடன் பெரும்பகுதி நீங்கியது, அடுத்த வருடமே கிராமத்து மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை நிறுத்தினார்கள். காய்ச்சலோடு வரும் ஒரு தாய் கையில் காசில்லாமல் திரும்பிப் போகத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அதே சாம்பியா 2012-இலிருந்து டொலர் பிணைமுறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, விற்றுக் கடன் வாங்கியது, ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் செம்புதான், அதன் விலை உலகச் சந்தையில் விழுந்தால் நாடே விழும். 2020 நவம்பரில் கட்ட முடியாது என்று நின்றது. 2004-இல் நிவாரணம் பெற்ற கானாவும் 2022 டிசம்பரில் அதே இடத்துக்கு வந்தது. கிளிநொச்சித் தங்கச்சியை நினைத்துக்கொண்டுதான் இந்த வருடங்களை நான் பார்க்கிறேன்.

எங்கள் நாடு 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது நாங்கள் காஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு வீதியில் வரிசையில் நின்றோம். உலக வங்கிக் கணக்குப்படி 2021-இல் 13 சதவீத அளவில் இருந்த வறுமை அடுத்த வருடத்தில் 25 சதவீதமாக, ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது, 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் பதிலாகப் புதியவை கொடுக்கப்பட்டன. கடன் குறைந்தது உண்மை. யார் தலையில் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியின் பிணைமுறிகளுக்கு வட்டியைக் குறைத்தார்கள், அது தொழிலாளியின் வயதுகாலக் காசு. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது, அதுவரை விலக்கில் இருந்த சமையல் காஸுக்கும் அது வந்தது. பிணைமுறி வாங்கிக் கடன் கொடுத்த வெளிநாட்டவர்களுக்கோ, இலங்கையின் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட வளர்ந்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இடியப்பம் அவிக்கும் ஒருவரின் சிலிண்டரிலிருந்து வரி எடுத்துத்தான் கடனைச் சரிக்கட்டுவது என்றால் அது எனக்கு நிவாரணமாகத் தெரியவில்லை.

சரி, அக்கா எப்படி வெளியே வந்தார்? ஒழுங்கையில் 10 பெண்கள் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள், முதல் சீட்டை ஏலம் இல்லாமல் அவருக்கே கொடுத்தார்கள். அதில் இரண்டு கடன் முடிந்தது, மூன்றாவதை நகையை விற்று முடித்தார். அப்புறம் உதவி வந்தது, அதிலும் இரண்டு விதம். முதலில் ஒரு திட்டக்காரர்கள் வந்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, அந்த ஒழுங்கையில் 20 பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஒரே ஒழுங்கையில் 20 தையல்காரிகள், யார் யாருக்குத் தைப்பது? அக்காவின் மெஷின் இன்றைக்கும் கடைக்குள் இருக்கிறது, அதன் மேல்தான் சொதிப் பானை. இரண்டாவதாக வந்தவர் வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, தனிப்பட்ட முறையில் செய்தவர். உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "உங்களுக்கு என்ன தெரியும், என்ன வேணும் பிள்ளை?" என்று கேட்டார். பெரிய அவிக்கிற சட்டி, இடியப்பத் தட்டு 60, ஒரு சிலிண்டர், முதல் மாதத்துக்கு மா. அவ்வளவுதான். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு மாலையும் 25 பேர் சம்பளக் காசோடு அந்த ஒழுங்கைக்கு வருகிறார்கள் என்பதால்தான் அந்தச் சட்டி அடுப்பில் நிற்கிறது, இல்லாவிட்டால் அதுவும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போயிருக்கும். பக்கத்து வீட்டில் நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்றுக்கு மிக வறியவர் பிரிவில் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு மாதம் 17,500 ரூபா வருகிறது. அந்தக் காசு வரும் கிழமை முட்டைக் குழம்பு கூடுதலாக விற்கும் என்று அக்கா சொன்னார். உதவிக் காசு வீணாகும் என்று பேசுகிறவர்கள் அந்தக் கிழமை வந்து வாங்கில் உட்கார்ந்து பார்க்கட்டும், அந்த வீட்டுப் பிள்ளைகள் முட்டையை எப்படிக் கடைசிவரை வைத்திருந்து சாப்பிடுகிறார்கள் என்று. ஆனால் அந்த வீட்டு அப்பாவுக்கு மாதம் முழுக்க வேலை கிடைத்தால் பிள்ளைகள் தினமும் முட்டை சாப்பிடுவார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன கிழமை நான் இருக்கும்போதே லோன் கம்பனி ஒன்றிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது, கடையைப் பெரிசாக்க 2 லட்சம் தருகிறார்களாம். கையில் மா, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வேண்டாம் தம்பி, கடை இந்த அளவே போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பிழியத் தொடங்கினார்.

ஞாயிறு கடை இல்லை. 30 இடியப்பத்துக்கு மேல் வேண்டுமென்றால் மதியமே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். சொதிக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோங்கள், லஞ்ச் ஷீட்டில் கட்டினால் வழியில் ஒழுகும், பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். காசு மாற்றிக்கொண்டு போனால் அக்காவுக்கு உதவி, 5,000 தாளுக்கு அங்கே மிச்சம் இருக்காது.