அமெரிக்கக் குற்ற ஆய்வுக்கு எது: போலீஸ் பதிவா, வீட்டுக் கணக்கெடுப்பா?

ஆய்வேட்டுக்கு எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) போலீஸ் பதிவுகளைத் திரட்டி வெளியிடும் தொகுப்பை எடுப்பதா, வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் என்சிவிஎஸ் எனும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பை எடுப்பதா என்று பலருக்குக் குழப்பம்.

செலவு: இரண்டும் இலவசம், விடுங்கள்.

காலம்: எஃப்பிஐ 1930 முதல், கணக்கெடுப்பு 1973 முதல். ஆனால் 2021இல் எஃப்பிஐ புதிய பதிவுமுறைக்கு முழுதாக மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸே தகவல் தரவில்லை, அந்த வருடத்தை மற்றதோடு ஒப்பிடுவது தலைவலி.

விடுபடுவது: புகாரே போகாத குற்றம் போலீஸ் பதிவில் வராது. கணக்கெடுப்பில் வரும், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் 12 வயது முதல் எல்லோரிடமும் நேரடியாகக் கேட்கிறார்கள், ஆனால் கொலை வராது (செத்தவரிடம் எப்படிக் கேட்பது?), கடைகளில் நடக்கும் திருட்டும் வராது.

சிரமம்: கணக்கெடுப்புக்குக் கொஞ்சம் புள்ளியியல் தெரிய வேண்டும்.

கொலையோ ஒரு நகரத்தின் நிலவரமோ என்றால் எஃப்பிஐ. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை என்றால் கணக்கெடுப்புதான், அதிலும் எல்லோரும் வாய் திறப்பதில்லை என்றாலும்.